கட்டைவிரலைப் பாருங்கள்: பழைய ப்ளூஸைப் பெரியவர்களிடம் கற்க வருவோருக்கு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பென்டோனியா என்று ஓர் ஊர். ஐந்நூறு பேர்கூட இல்லை. ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய கட்டடம் நிற்கிறது. பெயர் ப்ளூ ஃபிரன்ட் கஃபே. 1948இல் கேரி ஹோம்ஸ், மேரி ஹோம்ஸ் தம்பதி தொடங்கிய கடை அது. 1970இல் அவர்களுடைய மகன் ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் பொறுப்பேற்றார். பருத்திக் காட்டில் வாரம் முழுவதும் உழைத்த கறுப்பின மக்கள் சனிக்கிழமை இரவில் கூடிக் குடித்து, சாப்பிட்டு, ஆடிய இடங்களை ஜூக் ஜாயின்ட் என்பார்கள். அந்த வகைக் கடைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இது இன்றும் மதிக்கப்படுகிறது. ஹோம்ஸ் 1947இல் பிறந்தவர். 2019இல் வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அவர் கிதார் கற்ற விதத்தைக் கேட்டால் இந்தக் கட்டுரையின் பாதி விளங்கிவிடும். அதே ஊரின் ஜாக் ஓவன்ஸ் (1904–1997) வாசிக்க, எதிரே உட்கார்ந்து கையைப் பார்த்துக் கற்றார். ஓவன்ஸ் பெயர் சொல்லவில்லை, எண் சொல்லவில்லை, எழுதிக் கொடுக்கவில்லை. வாசித்தார். மீண்டும் வாசித்தார்.

தெற்கு அமெரிக்க மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே பிறந்த பழைய ப்ளூஸ் இசை இப்படித்தான் கை மாறுகிறது. ஆகவே கற்க வருகிறவர் முதலில் பழக வேண்டியது, விளக்கம் இல்லாமல் கற்பதற்கு. புத்தகத்திலும் காணொளியிலும் பழகிய நமக்கு இது கடினம். கடினம் என்றாலும் செய்யத்தக்கதுதான். எந்த வரிசையில் செய்வது என்று என் அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

'ப்ளூஸ் கற்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெரியவரிடமும் போகாதீர்கள். தெற்கில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நடை உண்டு.

மிசிசிப்பி டெல்டா முதலாவது. டெல்டா என்றவுடன் நமக்குக் காவிரிக் கழிமுகம் நினைவுக்கு வரும். இது கழிமுகம் அன்று. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வெள்ளச் சமவெளி. சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ் எல்லாரும் இந்த மண்ணோடு பிணைந்தவர்கள். அழுத்தமான தாளம், கண்ணாடியோ உலோகமோ விரலில் மாட்டித் தந்தியில் இழுக்கும் ஸ்லைடு, தொண்டை கிழியும் பாட்டு.

அதற்குக் கிழக்கே மேட்டுநிலம். ஃப்ரெட் மெக்டவல், ஆர். எல். பர்ன்சைட், ஜூனியர் கிம்ப்ரோ ஆகியோரின் நடை. ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டில்) நின்று, ஒரு சிறு துணுக்கைப் பத்து நிமிடம் சுழற்றிச் சுழற்றி ஆட வைப்பது. பர்ன்சைட் மெக்டவலைப் பார்த்துக் கற்றார். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பதின்ம வயதிலேயே தாத்தாவுக்கு டிரம்ஸ் வாசித்து, 2022இல் தானே கிராமி வாங்கினார்.

கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் பீட்மான்ட் நடை. கட்டைவிரல் தடித்த தந்திகளுக்கு இடையே மாறி மாறி நடக்க, மேல் தந்திகளில் மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். ரெவரெண்ட் கேரி டேவிஸ், எலிசபெத் காட்டன், ஜான் செஃபஸ் இந்த வழி.

பென்டோனியா தனி. அதன் சோகமான சுருதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று மாதம் ஒரே வட்டாரத்தைக் கேளுங்கள். பழைய பதிவுகளில் இரைச்சல் இருக்கும். முதல் வாரம் காது எதிர்க்கும், இரண்டாம் வாரம் இரைச்சல் மறைந்துவிடும். ஒரு பாட்டைக் கிதார் இல்லாமல், தொடையில் தட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுக்க முடிகிற அளவுக்குக் கேட்டபிறகே கருவியைத் தொடுங்கள்.

கருவி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃகுத் தந்தி பூட்டிய சாதாரண மரக் கிதார் போதும். கடையில் 12 அல்லது 13 அளவு என்று விற்கும் தடிமனான தந்தி இருக்கட்டும். சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கும்போது மெல்லிய தந்தி தொளதொளவென்று ஆடும். விலை உயர்ந்த கிதாரைத் தூக்கிக்கொண்டு போவதால் எந்தப் பயனும் இல்லை. இந்த இசையின் மகத்தான பதிவுகளில் பல, தபால் வழியே வரவழைத்த மலிவுக் கிதார்களில் வாசிக்கப்பட்டவை.

சுருதி சேர்ப்பது

இங்கேதான் புதியவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள். கடையில் வாங்கிய கிதாரின் வழக்கமான சுருதியில் பாதிப் பாட்டுகள் வரவே வராது. பெரியவர்கள் மூன்று திறந்த சுருதிகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். திறந்த சுருதி என்றால், இடது கை எதையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் மீட்டினாலே ஒரு முழுக் கார்டு ஒலிக்கும்.

முதலாவது 'ஸ்பானிஷ்'. தடித்த தந்தியிலிருந்து, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில்: டி, ஜி, டி, ஜி, பி, டி.

இரண்டாவது 'வெஸ்டபோல்': டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கிரைமியப் போரில் செவஸ்டபோல் நகரம் முற்றுகையிடப்பட்டதை வைத்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு கிதார் இசைத்துண்டு அச்சாகி, வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்டது. அது இந்தச் சுருதியில் அமைந்தது. நகரத்தின் பெயர் வாய்வழியே தேய்ந்து வெஸ்டபோல் ஆகி, பருத்திக் காட்டு மக்களின் சொல்லாக நிலைத்துவிட்டது. ஸ்பானிஷ் என்ற பெயரும் அப்படி ஓர் அச்சிட்ட இசைத்துண்டிலிருந்து வந்ததுதான். புத்தகங்களில் வரும் பெயரால் 'ஓப்பன் டி' என்று நீங்கள் கேட்டால் சில பெரியவர்களுக்குப் புரியாது. வெஸ்டபோல் என்று சொல்லுங்கள், முகம் மலரும்.

மூன்றாவது, பென்டோனியாவின் சுருதி. அவ்வூர்க்காரர் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊரில் பதிவு செய்த பாட்டுகளில் இதைக் கேட்கலாம். பென்டோனியாவின் மூத்த கிதார்காரர் ஹென்றி ஸ்டக்கியிடமிருந்து அவருக்கு வந்தது. இதற்கு 'கிராஸ் நோட்' என்று பெயர். வெஸ்டபோலில் எஃப் ஷார்ப் இருக்கும் இடத்தில் எஃப் வரும்: டி, ஏ, டி, எஃப், ஏ, டி. ஒரே ஒரு தந்தி அரைப்படி, அதாவது ஒரு ஃப்ரெட் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அளவு இறங்குகிறது, அவ்வளவுதான். அந்த அரைப்படியில் வீட்டு விளக்கு அணைந்தது போல ஆகிவிடுகிறது.

வழக்கமான சுருதியிலிருந்து கிராஸ் நோட்டுக்குப் போக நினைவில் நிறுத்த எளிய வழி: நான்காம் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் தொடாதீர்கள் (மிக மெல்லியது முதல் தந்தி, மிகத் தடித்தது ஆறாம் தந்தி). மற்ற நான்கையும் இரண்டு ஃப்ரெட் அளவு தளர்த்துங்கள். சரிபார்க்க, ஆறாம் தந்தியும் நான்காம் தந்தியும் ஒரே ஸ்வரத்தின் கீழும் மேலுமாக இணைந்து ஒலிக்க வேண்டும். முதல் தந்தி அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே. இரண்டாம் தந்தியை ஐந்தாம் தந்தியோடு சேருங்கள். மூன்றாம் தந்தியைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் மனநிலையைத் தீர்மானிப்பது அதுதான்.

இதே சுருதியை ஈ மைனராக வைப்பவர்களும் உண்டு: ஈ, பி, ஈ, ஜி, பி, ஈ. அதற்கு நான்காம், ஐந்தாம் தந்திகளை மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவு முறுக்கி ஏற்றினால் போதும். ஏற்றும்போது பழைய தந்தி அறுந்து முகத்தில் அடிக்கக்கூடும். புதியவர்கள் இறக்கும் வழியையே பின்பற்றுங்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். முன்பு சொன்ன டி, ஏ, டி, எஃப், ஏ, டி சுருதியில் (டி மைனரில்) வைத்து, மூன்றாம் தந்தியை அழுத்தாமல் மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஃப்ரெட்டில் விரலைச் சுத்தியல் போல இறக்குங்கள். இருட்டிலிருந்து ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்து திரும்பியது போல இருக்கும். அடுத்து நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி, தந்தியை இலேசாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே, இரண்டிலும் சேராத ஓர் இடம் வரும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. ப்ளூஸ் அங்கேதான் வாழ்கிறது. கமகம் கேட்டு வளர்ந்த காது உங்களுக்கு இருந்தால், ஸ்வரம் என்பது ஒரு புள்ளி அல்ல என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வகையில் நம்மவர்களுக்கு ஒரு தொடக்க வசதி இருக்கிறது. ஆனால் கமகத்தை அப்படியே கொண்டுபோய் இங்கே போட வேண்டாம். இங்கே அசைவு குறைவு, தள்ளி நிறுத்துவதே அதிகம்.

கட்டைவிரலும் காலும்

ஒரு மாதம் வேறு எதுவும் வேண்டாம். வலது கட்டைவிரலால் ஆறாம் தந்தியை நான்கு அடிக்கு நான்கு முறை, சமமாக. கால் தரையில் தட்டட்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பாலத்தின் (கிதார் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டையின்) அருகே தடித்த தந்திகளின் மேல் இலேசாக வையுங்கள். ஒலி அடங்கி, முரசு போலக் கேட்கும். டெல்டா, மேட்டுநில நடைகளுக்கு இது போதும். பீட்மான்ட் நடைக்குக் கட்டைவிரல் ஆறு, நான்கு, ஐந்து, நான்கு என்று தந்தி மாறி நடக்க வேண்டும்.

தாளத்தைப் பிடித்தபடி பேசிப் பாருங்கள். வீட்டில் யாராவது கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்ல, கட்டைவிரல் நிற்காமல் போக வேண்டும். அது வந்துவிட்டால் பாட வரும். வராதவரை பாட்டைத் தொடங்காதீர்கள்.

மற்ற விரல்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கேரி டேவிஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை மட்டுமே வைத்து, ஒரு பியானோ செய்கிற வேலையைச் செய்தார்.

பன்னிரண்டு என்ற கணக்கு

பாடப் புத்தகங்கள் ப்ளூஸ் என்றால் ஒரு சரணத்துக்குப் பன்னிரண்டு பார் (நான்கு அடி கொண்ட தாளப் பகுதி) என்று சொல்லும். குழுவாக வாசிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும். தனியே பாடி வாசித்த பெரியவர்கள் மூச்சுக்கு ஏற்றபடி நீட்டினார்கள், குறுக்கினார்கள். ஒரு சரணம் பதினொன்றரையில் முடியும், அடுத்தது பதின்மூன்றில். ஜான் லீ ஹூக்கருக்குப் பின்னணி வாசிக்க வந்த தேர்ந்த கலைஞர்களே திணறியதுண்டு.

ஆகவே எண்ணாதீர்கள். பாடுகிறவரின் வாயைப் பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளில் முதல் வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்குப் பதில் சொல்கிற மூன்றாவது வரி என்று அமைப்பு இருக்கும். பாடகர் மூச்சு இழுக்கும் நேரத்தில் கிதார் பேசும். கார்டு மாறப்போவதைத் தோள் முன்கூட்டியே சொல்லிவிடும். என் ஆசிரியர் மாறுவதற்கு அரை அடி முன்பு இடது தோளைச் சற்றே இறக்குவார். நான்கு மாதம் கேட்டும் பிடிபடாத இடம், அந்தத் தோளைக் கவனித்த பிறகு ஒரே மாலையில் பிடிபட்டது.

எங்கே போவது

கிளார்க்ஸ்டேல் நல்ல தொடக்கம். மேம்ஃபிஸ் விமான நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். அங்குள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் 1979இல் தொடங்கியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மூத்த கலைஞர்களைக் கொண்டு இசை கற்பிக்கும் வகுப்புகள் அங்கே நடக்கின்றன. 1999இல் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ராம் அந்த வகுப்பில் வளர்ந்தவர். 2022இல் கிராமி வாங்கினார். ஏப்ரலில் ஊர் முழுக்க ஜூக் ஜாயின்ட் விழா. ஆற்றுக்கு அப்பால் அர்கன்ஸாவின் ஹெலினாவில் அக்டோபரில் கிங் பிஸ்கட் விழா. 1941இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியின் பெயரால் நடப்பது அது.

பென்டோனியா, தலைநகர் ஜாக்சனுக்கு வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விழா ஜூனில், 1972 முதல். கற்க வருகிறவர் விழா நாளில் போக வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. விழா இல்லாத வாரத்தில், நடுப்பகலில் போங்கள். எங்கும் வாடகைக் கார் வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது.

தெற்குக்குப் போக முடியாதவர்களுக்கு வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டிலும், மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸிலும் கோடையில் ஒரு வாரப் பட்டறைகள் உண்டு. தலைநகர் வாஷிங்டனில் ஆர்ச்சி எட்வர்ட்ஸ் என்ற பீட்மான்ட் கிதார்காரர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை மாலையில் கடை இசைக்கூடமாக மாறும். அவர் 1998இல் மறைந்த பிறகு சீடர்கள் அந்தச் சனிக்கிழமைக் கூடலைத் தொடர்ந்தார்கள். பின்னாளில் அது மேரிலாந்துக்கு இடம் மாறியது. புதியவர்களை அணைத்துக்கொள்ளும் கூட்டம்.

முதல் சந்திப்பு

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். தெற்கில் பெரியவர்களை முதல் பெயரோடு மிஸ்டர், மிஸ் சேர்த்து அழைப்பார்கள். மிஸ்டர் ஜேம்ஸ், மிஸ் மேரி என்பதுபோல. வெறும் பெயரைச் சொல்லி அழைக்கக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. இனப் பாகுபாட்டுக் காலத்தில் வயது முதிர்ந்த கறுப்பின ஆணையும் வெள்ளையர்கள் 'பையா' என்றுதான் கூப்பிட்டார்கள். மிஸ்டர் என்ற சொல்லை மறுப்பது ஓர் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்பட்டது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை அவர் கவனிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பலர் காலையில் தேவாலயத்தில் இருப்பார்கள். சிலர் அன்று ப்ளூஸைத் தொடவும் மாட்டார்கள். கேரி டேவிஸ் மதபோதகரானபின் ப்ளூஸ் பாடத் தயங்கினார், பக்திப் பாட்டுகளையே விரும்பினார். ஆசிரியர் பக்திப் பாட்டைக் கற்றுத்தந்தால் அதையே கற்றுக்கொள்ளுங்கள். விரல்கள் செய்யும் வேலை ஒன்றுதான்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். முதல் நாளே, தொடங்குவதற்கு முன்பே. டேவிஸ் நியூயார்க்கில் பாடத்துக்கு ஐந்து டாலர் வாங்கினார். காலையில் போன மாணவர் மாலைவரை இருக்கலாம். பதினைந்து வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்த ஸ்டீஃபன் கிராஸ்மன் பிறகு அந்தக் கலையை உலகம் முழுவதும் பரப்பினார். இன்று எவ்வளவு என்று பெரியவரே சொல்லட்டும், பேரம் பேசக் கூடாது. இந்த இசையைப் பதிவு செய்த பலருக்கு உரிமைத்தொகை என்று ஒன்றும் வந்து சேரவில்லை. அவர்கள் பாட்டைப் பாடி மற்றவர்கள் மாளிகை கட்டினார்கள். வறுமையில் வாடும் மூத்த கலைஞர்களுக்கு உதவ 1994இல் வட கரோலினாவில் மியூசிக் மேக்கர் என்ற அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். பணம் கொடுப்பதை உதவி என்று எண்ணாதீர்கள். அது கூலி.

பதிவு செய்வது பற்றி என் அனுபவம் ஒன்று. மேட்டுநிலப் பகுதியில் எண்பதை நெருங்கும் ஒருவரிடம் போயிருந்தேன். இரண்டாவது சந்திப்பு. அவர் வாசிக்கத் தொடங்கியதும், கேட்காமலே கைபேசியை முழங்காலில் சாய்த்து வைத்து அழுத்தினேன். அவர் அந்த வரியை முடித்தார். கிதாரை மடியில் படுக்க வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தந்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு மீன் பிடிப்பது பற்றிப் பேசினார். ஒரு மணி நேரம், கெளுத்தி மீனைப் பற்றி மட்டும். கோபம் இல்லை, குரலும் மாறவில்லை. கிதாரை மீண்டும் எடுக்கவும் இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய இளமையில் அப்படித்தான் ஒருவர் கருவியோடு வந்து பதிவு செய்து கொண்டுபோயிருக்க வேண்டும். அடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்" என்றார். அன்று கேட்டேன். சரி என்றார்.

பாடத்தின்போது

'இது என்ன கார்டு?' என்று கேட்க வேண்டாம். பலர் பெயர் வைத்து வாசிப்பதில்லை. கேள்வி அவர்களை நிறுத்திவிடும். 'இன்னொரு முறை வாசிப்பீர்களா?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் எல்லாம் கிடைக்கும்.

அவர் மறுபடி வாசிப்பது முதல் முறை போல இருக்காது. மூன்றாவது முறை இன்னும் வேறாக இருக்கும். மூன்றிலும் மாறாமல் இருப்பது எதுவோ அதுதான் பாட்டு, மாறியதெல்லாம் அன்றைய மனநிலை. இந்தச் சல்லடையை மனத்தில் வைத்துக்கொண்டு கவனியுங்கள். பெரும்பாலும் மாறாமல் நிற்பது கட்டைவிரலாகவே இருக்கும்.

எதிரே உட்காராமல் அருகில், அவருக்கு வலப்புறம் சற்று முன்னால் உட்காருவது நல்லது. வலது கை தெரியும், இடது கையையும் எட்டிப் பார்க்கலாம். அவர் வாசிக்கும்போது நீங்கள் வாசிக்காதீர்கள். அவர் கண்ணால் அழைத்தால் மட்டும், மெதுவாக, தடித்த தந்தியில் தாளத்தை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் கிதாராக வாசிப்பதே ஒரு கல்வி. ராபர்ட் லாக்வுட் ராபர்ட் ஜான்சனிடம் நேரடியாகக் கற்ற மிகச் சிலரில் ஒருவர். ஜான்சன் லாக்வுட்டின் தாயோடு வாழ்ந்ததால் வீட்டிலேயே பாடம் நடந்தது. வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கிற பாடம் வந்துபோகிறவருக்குக் கிடைக்காது. எனவே வெறும் பாட நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். கச்சேரிக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்குங்கள், கார் ஓட்டுங்கள், மருந்துக் கடைக்குப் போய் வாருங்கள். டேவிட் 'ஹனிபாய்' எட்வர்ட்ஸ் பதின்ம வயதில் பிக் ஜோ வில்லியம்ஸோடு ஊர் ஊராகக் கிளம்பிப் போனார். பயணமே அவருக்குப் பள்ளி.

வீட்டுக்கு வந்தபின்

அன்றிரவே, தூங்குவதற்கு முன், நினைவிலிருந்து வாசியுங்கள். பதிவைக் கேட்காமல். மறந்த இடங்களில் கை தானாக எதையோ நிரப்பும், நிரப்பட்டும். மறுநாள் காலையில் பதிவைக் கேட்டுச் சரிபாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பதிவைக் கேட்டால் காது சோம்பிவிடும்.

பிறகு தனியாகப் போய் உழையுங்கள். ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுக் கலையை வாங்கினார் என்று ஒரு கதை ஊரெல்லாம் திரிகிறது. அதை நம்பிக்கொண்டிருப்பது ஓர் ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம். சன் ஹவுஸ் முதலில் கேட்டபோது ஜான்சன் கிதாரில் தேறாத பையனாக இருந்தார். தெற்கே போய், ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் தங்கிக் கற்றார். தொந்தரவு இருக்காது என்பதால் இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்ததாக ஸிம்மர்மன் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். பேய்க்கதையில் அந்த ஆசிரியரின் பெயர் காணாமல் போய்விட்டது.

சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்ச்மன் என்று பாட்டில் வந்தால் அது மிசிசிப்பியின் சிறைப் பண்ணை. பெருவெள்ளம் என்று வந்தால் பெரும்பாலும் 1927ஆம் ஆண்டு வெள்ளம். குத்தகை விவசாயியின் கணக்கு வருடக் கடைசியில் எப்போதும் கடனிலேயே முடிந்த கதை தெரியாமல், பாட்டில் வரும் கிளம்பிப் போகிற ஆசை புரியாது. பாடும்போது உச்சரிப்பைப் போலி செய்யாதீர்கள். தெற்கத்தி இழுப்பை நடித்துக் காட்டினால் அந்தப் பெரியவர்களைக் கேலி செய்வது போலவே அவர்களுக்குக் கேட்கும். உங்கள் குரலில், உங்கள் வாய்க்கு வரும் ஆங்கிலத்தில் பாடுங்கள்.

எங்கே வாசித்தாலும், யாரிடம் கற்றீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். பாட்டுக்கு முன்னால், கேட்கும்படியாக.

திரும்பிப் போவது

மூன்று மாதம் கழித்துப் போய், கற்றதை வாசித்துக் காட்டுங்கள். பாராட்டை எதிர்பார்க்க வேண்டாம். நான் என் ஆசிரியரிடம் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. திண்ணையில் இரண்டு நாற்காலி. வெஸ்டபோலில் வைத்து அவருடைய பாட்டை முழுக்க வாசித்தேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கால் மட்டும் தட்டியது. ஒரே ஓர் இடத்தில் கால் நின்றது. மூன்றாம் வரிக்கு முன்னால் நான் அவசரப்பட்ட இடம் அது. முடித்தேன். ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக் கிதாரை வாங்கினார். மூன்றாம் தந்தியை அரைப்படி இறக்கினார். நான் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டைத் தொடங்கினார்.